செல் நுண்ணுறுப்புகளை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி

உயிரியல் ஆசிரியையாக 24 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். செல் நுண்ணுறுப்புகள் பற்றிய கேள்வி வந்தால் பாதித் தாள்களில் ஒரே காட்சிதான். இடது பக்கம் பெயர், வலது பக்கம் ஒரு வரி. மைட்டோகாண்ட்ரியா: செல்லின் ஆற்றல் நிலையம். லைசோசோம்: தற்கொலைப் பை. கோல்கை உறுப்பு: பேக்கிங் செய்து அனுப்புவது. தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்து அதே பிள்ளைகளைக் கேட்டால் லைசோசோம் புரதம் செய்யும், ரைபோசோம் செரிக்கும். இரண்டு பெயரும் 'சோம்' என்று முடிவதுதான் குழப்பத்துக்குக் காரணம், வேறொன்றும் இல்லை.

நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "கோல்கை பேக் பண்ணி அனுப்புதுன்னு சொல்றீங்களே டீச்சர், எதை? எங்கே?" என்றாள். புரதத்தை, தேவையான இடத்துக்கு என்றேன். "எது தேவையான இடம்னு அதுக்கு எப்படித் தெரியும்?" அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைக்கு மணிதான் என்னைக் காப்பாற்றியது. பதில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதிலைத் தேடப் போய்த்தான் நான் பாடம் நடத்தும் விதமே மாறியது. அந்த முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், அளவுகோல், அழிப்பான், ஒரு சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கலர் பென்சில் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு

பாடப்புத்தகப் படத்தை மூடி வைத்துவிட்டு, தாளில் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு செல்லை வரையுங்கள். விலங்கு செல் ஒன்றின் அகலம் சுமார் 20 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் வரைந்தது 10,000 மடங்கு பெரிதாக்கிய படம். இனி எதை வரைந்தாலும் இதே கணக்கில்தான் வரைய வேண்டும்.

உட்கரு 6 சென்டிமீட்டர் வட்டம். மைட்டோகாண்ட்ரியா அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை தடிமன், நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். லைசோசோம் அரை சென்டிமீட்டர் உருண்டை. ரைபோசோம்? சுமார் 25 நானோமீட்டர். 10,000 மடங்கு பெரிதாக்கினாலும் கால் மில்லிமீட்டர்தான், பென்சிலை நன்றாகச் சீவி ஒரு புள்ளி வைத்தால் சரி. செல் சவ்வின் தடிமன் இந்தக் கணக்கில் நீங்கள் வரைகிற தாளின் தடிமனை விடக் குறைவு. இழுத்த கோடு ஏற்கெனவே தப்பு, ஆனால் வேறு வழியில்லை.

ஒரு வேடிக்கைக் கணக்கும் உண்டு. மனித செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ-வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். இதே 10,000 மடங்கில் அது 20 கிலோமீட்டர் நூல். அந்த 20 கிலோமீட்டரும் நீங்கள் வரைந்த 6 சென்டிமீட்டர் உருண்டைக்குள் சிக்கில்லாமல் இருந்தாக வேண்டும், வேண்டிய பக்கத்தை வேண்டியபோது பிரித்துப் படிக்கவும் வேண்டும். உட்கருவை 'செல்லின் மூளை' என்று எழுதுவதை விட இந்த ஒரு கணக்கு அதிகம் சொல்கிறது. உண்மையில் உட்கரு எதையும் யோசிப்பதில்லை. அது புத்தகத்தை வெளியே கொண்டுபோக விடாத நூலகம். நகல் எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

ஒரு புரதத்தின் பின்னால் போங்கள்

இதுதான் முறையின் மையம். உறுப்புகளை வரிசையாகப் படிக்காதீர்கள். ஒரே ஒரு புரதம் பிறந்து வெளியேறும் வரை சிவப்புப் பேனாவால் அதன் பாதையைக் கோடு போட்டுக்கொண்டே போங்கள். வழியில் எந்த உறுப்பு வருகிறதோ அதை அப்போது வரைந்தால் போதும்.

நான் எப்போதும் கணையச் செல்லில்தான் தொடங்குவேன். காரணம், இந்தப் பாதையை முதன்முதலில் கண்டறிந்ததே அங்கேதான். 1967-இல் ஜேம்ஸ் ஜேமிசனும் ஜார்ஜ் பலாடேயும் கினிப் பன்றியின் கணையத்திலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து, கதிரியக்கம் ஏற்றிய லியூசின் என்ற அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் கொடுத்தார்கள். பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த 3 நிமிடத்தில் உருவான புரதங்கள் மட்டும் அடையாளம் பெற்றுவிட்டன. அவை அடுத்தடுத்து எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனார்கள். 3 நிமிட முடிவில் சொரசொரப்பான எண்டோபிளாச வலை, அதாவது மேலே ரைபோசோம்கள் ஒட்டியிருக்கும் சவ்வுப் பின்னல். இன்னும் 7 நிமிடம் கழித்து கோல்கை அருகே. 37 நிமிடத்தில் கோல்கையை ஒட்டிய பெரிய குமிழிகளில். 117 நிமிடத்தில் செல்லின் உச்சியில் காத்திருக்கும் நொதித் துகள்களில். இந்த நேரங்களை உங்கள் சிவப்புக் கோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நேரம் போட்டதும் படம் ஒரு பயணமாக மாறிவிடும்.

நம்முடைய புரதம் டிரிப்சினோஜென். குடலுக்குப் போய் டிரிப்சினாக மாறிப் புரதங்களை வெட்டப் போகிற நொதி. அதன் மரபணு உட்கருவில் நகலெடுக்கப்படுகிறது. நகலான தூது ஆர்.என்.ஏ. உட்கரு உறையின் துளை வழியே வெளியே வருகிறது. உட்கருவுக்குள் கருமையாகத் தெரியும் நியூக்ளியோலஸையும் இப்போதே வரைந்துவிடுங்கள். ரைபோசோமின் இரண்டு துண்டுகளும் உருவாகிற இடம் அது.

வெளியே ரைபோசோம் அந்த நகலைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய துண்டு 60எஸ், சிறிய துண்டு 40எஸ், இரண்டும் சேர்ந்தால் 80எஸ். "60-ம் 40-ம் 100 தானே டீச்சர்?" என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். கேட்காத வகுப்பைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. எஸ் என்பது எடை இல்லை. வேகமாகச் சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு விரைவாக அடியில் படிகிறது என்பதன் அளவு. வடிவத்தையும் பொறுத்தது என்பதால் கூட்டினால் சரியாக வராது. பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ். இந்த வித்தியாசத்தில்தான் டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் பிழைக்கின்றன: அவை பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்தும், நம்முடையதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டதற்காக வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் மூவரும் 2009-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

இப்போது பாடப்புத்தகம் தவற விடுகிற இடத்துக்கு வருகிறோம். 'தனித்த ரைபோசோம்', 'ஒட்டிய ரைபோசோம்' என்று இரண்டு ஜாதி இருப்பது போலப் படித்திருப்பீர்கள். ஒரே ரைபோசோம்தான். டிரிப்சினோஜென் உருவாகத் தொடங்கியதும் அதன் முதல் 20 அமினோ அமிலங்கள் வரை ஒரு முகவரி எழுதியிருக்கும். அந்த முகவரி ரைபோசோமிலிருந்து எட்டிப் பார்த்த உடனே, சைட்டோபிளாசத்தில் (உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் கூழில்) சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு துகள் வந்து அதைப் பிடித்து, ரைபோசோமோடு சேர்த்து எண்டோபிளாச வலைக்கு இழுத்துக்கொண்டு போகும். அங்கே சவ்வில் ஒரு வாசல் திறக்கும், புரதம் நூல் கோப்பது போல உள்ளே நுழையும். முகவரி வெட்டி எறியப்படும். புரதமே தன் முகவரியைச் சுமக்கிறது என்று காட்டியவர் குந்தர் புளோபெல், 1999-இல் நோபல். இதைப் படித்த அன்று அந்தப் பின்வரிசை மாணவியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

உள்ளே போன புரதம் இனி சைட்டோபிளாசத்தைத் தொடவே தொடாது. இதைச் சிவப்புக் கோட்டில் கவனியுங்கள்: வலைக்குள், குமிழிக்குள், கோல்கைக்குள், துகளுக்குள், கடைசியில் செல்லுக்கு வெளியே. நடுவில் எங்கேயும் ஒரு சவ்வைக் குறுக்கே கடக்கவில்லை. குமிழி ஒன்று கிள்ளிக்கொண்டு பிரியும், இன்னொன்றோடு கலக்கும், அதுதான் போக்குவரத்து.

எண்டோபிளாச வலைக்குள் புரதம் மடிக்கப்படுகிறது, சிலவற்றுக்குச் சர்க்கரைச் சங்கிலி மாட்டப்படுகிறது. சரியாக மடியாதது அங்கிருந்து மேலே போக முடியாது. வெளியே தள்ளி அழித்துவிடுவார்கள். கோல்கை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய தட்டையான பைகள். வலைப் பக்கமாக வாங்கி, மறு பக்கமாக அனுப்பும். போகிற வழியில் சர்க்கரைச் சங்கிலியை வெட்டித் திருத்தும். அதனால்தான் கோல்கையை அஞ்சல் நிலையம் என்று சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எந்த அஞ்சல் நிலையம் கடிதத்தைப் பிரித்துத் திருத்தி அனுப்புகிறது?

கமில்லோ கோல்கி இதை 1898-இல் கூகையின் நரம்புச் செல்லில் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். அப்புறம் ஐம்பது வருடம், இது உண்மையில் இருக்கிறதா, சாயம் செய்த மாயமா என்று சண்டை நடந்தது. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் தீர்ப்புச் சொன்னது.

உடைத்துப் பாருங்கள்

பாதை முழுவதும் வரைந்த பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, "இங்கே நின்றுபோனால் என்ன ஆகும்?" என்று எழுதுங்கள். ஓர் உறுப்பு என்ன செய்கிறது என்பது அது செய்யாதபோதுதான் நன்றாகத் தெரியும்.

வலையில் நின்றால்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயில் அடிக்கடி காணப்படும் மரபணுப் பிழையில், குளோரைடு அயனியைக் கடத்தும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் குறைகிறது. புரதம் சரியாக மடிவதில்லை, வலையிலேயே தடுத்து அழிக்கப்படுகிறது. செல் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் ஓரளவு வேலை செய்திருக்கும் என்பதுதான் இதில் வேதனை.

கோல்கையில் முகவரி ஒட்டாவிட்டால்: இங்கேதான் மாணவியின் கேள்விக்கு மீதிப் பதில். லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்குக் கோல்கை மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற ஓர் அடையாளம் ஒட்டும். அதைப் படித்துப் பிடிக்கும் ஏற்பிகள் கோல்கையின் வெளிவாசலில் காத்திருக்கும். ஐ-செல் நோய் உள்ள குழந்தைகளுக்கு அடையாளம் ஒட்டும் நொதி இல்லை. செரிக்கும் நொதிகள் எல்லாம் சரியாகவே தயாராகின்றன, ஆனால் முகவரி இல்லாததால் செல்லுக்கு வெளியே கொட்டப்படுகின்றன. ரத்தத்தில் நொதி நிறைய, லைசோசோமுக்குள் ஒன்றுமில்லை. செரிக்காத குப்பை லைசோசோமில் சேர்ந்து செல்லே அடைத்துக்கொள்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவி கல்லூரிக்குப் போய்விட்டிருந்தாள்.

லைசோசோம் பற்றி நானே பல வருடம் தப்பாக நடத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'தற்கொலைப் பை: உடைந்தால் செல்லையே செரித்துவிடும்.' யோசித்துப் பாருங்கள். லைசோசோமுக்குள் பி.எச். சுமார் 5. வெளியே சைட்டோபிளாசத்தில் 7.2. அந்த நொதிகள் அமிலத்தில் வேலை செய்யப் பழகியவை. ஒன்றிரண்டு பை உடைந்தால் வெளியே வந்து பெரும்பாலும் சும்மா கிடக்கும். செல் திட்டமிட்டுச் சாகும்போது முக்கிய வேலையைச் செய்வது காஸ்பேஸ் என்ற வேறு நொதிகள், பல சமயம் அவற்றை உசுப்பிவிடுவது மைட்டோகாண்ட்ரியா. லைசோசோமின் அன்றாட வேலை மறுசுழற்சி. பழைய உறுப்புகளைச் சவ்வில் சுற்றிக் கொண்டுவந்து அதில் கொட்டி, உதிரிப் பாகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது செல். இதற்கு உரிய மரபணுக்களை ஈஸ்டில் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் வாங்கினார்.

லைசோசோமைக் கண்டுபிடித்த கதையும் எனக்குப் பிடிக்கும். கிறிஸ்டியன் டி டூவ் எலியின் கல்லீரலை மென்மையாக அரைத்து ஒரு நொதியை அளந்தபோது எதிர்பார்த்ததை விட மிகக் குறைவாக இருந்தது. சில நாள் குளிர்பெட்டியில் கிடந்த பிறகு அதே கரைசலை அளந்தால் அளவு ஏறியிருந்தது. நொதி எங்கோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது, பை மெல்ல உடைந்தது. 1955-இல் அந்தப் பைக்குப் பெயர் வைத்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன்பே, கணக்கு இடித்ததை வைத்துக் கண்டுபிடித்த உறுப்பு இது.

மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாக வையுங்கள்

சிவப்புக் கோட்டில் மைட்டோகாண்ட்ரியா வரவில்லை, கவனித்தீர்களா? அது இந்தச் சவ்வுப் போக்குவரத்தில் சேராது. குமிழிகள் அதற்குப் புரதம் கொண்டுபோவதில்லை. காரணம் அதன் பூர்வீகம். சுதந்திரமாகத் திரிந்த ஒரு பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் போய்த் தங்கிவிட்டதன் வாரிசு அது. லின் மார்குலிஸ் 1967-இல் இதை வாதாடி எழுதினார்; இன்று யாரும் மறுப்பதில்லை. ஆதாரங்கள் உள்ளேயே இருக்கின்றன: இரட்டைச் சவ்வு, வட்ட வடிவ டி.என்.ஏ., பாக்டீரியா வகை ரைபோசோம். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதத்துக்கானவை. அதற்குத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட மற்றப் புரதங்கள் சைட்டோபிளாசத்தில் தயாராகி, தங்கள் முகவரியோடு உள்ளே நுழைகின்றன.

இங்கே எழுத வேண்டிய திருத்தம் ஒன்று: குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவதில்லை. சைட்டோபிளாசத்திலேயே இரண்டாக உடைந்து, பைருவேட்டாகத்தான் உள்ளே போகிறது. உள்ளே அதிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்கள் உள்சவ்வில் ஒவ்வொரு படியாக இறங்கும்போது, ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு மறுபக்கம் தள்ளப்படுகின்றன. அணையில் நீர் தேங்குவது போல அங்கே தேங்கி, திரும்பி வர ஒரே வழி ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற சிறு சக்கரம். அயனிகள் பாயும்போது அது நிஜமாகவே சுற்றுகிறது, சுற்றும்போது செல் எல்லா வேலைக்கும் செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. உருவாகிறது. உள்சவ்வு ஏன் அத்தனை மடிப்பு மடிப்பாக இருக்கிறது என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்: சக்கரம் வைக்க இடம். பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது கேலி பேசியவர்கள் நிறைய. 1978-இல் நோபல் கிடைத்தது.

தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகமும் இதே மாதிரி வந்த விருந்தாளிதான், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவின் வம்சம். அங்கேயும் சவ்வு, தேங்கும் அயனி, சுற்றும் சக்கரம். எலக்ட்ரானைக் கிளப்புவது மட்டும் ஒளி.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெராக்ஸிசோம் நீண்ட கொழுப்பு அமிலங்களை உடைக்கும், அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தானே நீராக்கிவிடும். சென்ட்ரியோல் 9 கட்டுகளாக அடுக்கிய குழல்கள், செல்லின் மேல் மயிர் போல அசையும் குறு இழைகளின் அடிக்கட்டை. பூக்கும் தாவரங்களில் கிடையாது. தாவரத்தின் பெரிய வாக்குவோல் (நீர் நிறைந்த பை) முதிர்ந்த செல்லில் 80 சதவீதத்துக்கு மேல் இடத்தைப் பிடிக்கலாம். செடி வாடுவது அதில் நீர் குறைவதுதான்.

கலர் பென்சில் ஏன் வேண்டாம்

செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை அயோடினில் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வேன். பார்த்ததை வரை என்றால், பத்தில் நாலு பேர் பச்சைப் பசுங்கணிகம் போட்டிருப்பார்கள். வெங்காயத்தின் உட்தோலில் பசுங்கணிகம் இல்லை. மண்ணுக்கடியில் இருக்கும் குமிழுக்கு அது எதற்கு? பிள்ளைகள் கண்ணில் பட்டதை வரையவில்லை, புத்தகத்தில் இருந்ததை வரைந்தார்கள். புத்தகத்தில் கோல்கைக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் போட்ட நிறம் அச்சகத்தில் முடிவானது. பசுங்கணிகத்தைத் தவிர எல்லாம் ஏறக்குறைய நிறமற்றவை. உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் உட்கரு, செல் சுவர், பசுங்கணிகம் நன்றாகத் தெரியும். ஒளி நுண்ணோக்கி 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது, ஆகவே ரைபோசோமைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செல்லை மாற்றி ஊகியுங்கள்

கடைசிப் பயிற்சி. ஒரு செல்லின் வேலையை மட்டும் எழுதிக்கொண்டு, எந்த உறுப்பு அதிகம், எது குறைவு என்று ஊகிக்க வேண்டும். எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்: சொரசொரப்பான வலை செல் முழுக்க, பெரிய கோல்கை. விந்துச் செல்: நடுப்பகுதியில் சுருளாக மைட்டோகாண்ட்ரியா, தலையில் கோல்கையிலிருந்து வந்த நொதித் தொப்பி, சைட்டோபிளாசம் அநேகமாக இல்லை. இதயத் தசை: செல்லின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா. மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் கல்லீரல் செல்: ரைபோசோம் ஒட்டாத வழுவழுப்பான வலை. சில மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் அந்த வலை பெருகும், மருந்தின் வேகம் குறையும்.

சிவப்பணுவைக் கடைசியாக வைத்திருக்கிறேன். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, வலை இல்லை, ரைபோசோமும் இல்லை. ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் இழந்துவிட்டது. சுமக்கிற ஆக்சிஜனைத் தானே செலவழிக்காமல், குளுக்கோஸை உடைப்பதில் கிடைக்கும் சிறிதளவு ஏ.டி.பி.யிலேயே காலம் தள்ளுகிறது. பழுதானால் புதுப் புரதம் செய்து சரிப்படுத்த முடியாது, சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 நாளுக்கு ஒரு முறை எல்லாச் சிவப்பணுவும் மாற வேண்டும் என்றால், தினமும் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகப் புதிதாக வர வேண்டும். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த சிவப்பணுவில் ரைபோசோமின் மிச்சம் சுமார் ஒரு நாள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். தகுந்த சாயம் ஏற்றினால் வலை போலத் தெரியும். அதற்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். ரத்தப் பரிசோதனை முடிவில் அந்தப் பெயரைப் பார்த்தால் எதிரே உள்ள எண்ணைக் கவனியுங்கள். சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று இரண்டுதான் இருக்கும். ரத்தம் நிறைய இழந்தவருக்குச் சில நாளில் அது ஏறும்.